மூன்று விழுக்காடு

கள்ளக்குறிச்சி,
ஆகஸ்ட் 10.

அன்பு மகள் பாயிஸாவுக்கு அம்மா சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நாங்கள் இருவரும் சுகம், அத்தாவின் இடது முட்டி மட்டும் சுகமில்லை, அது உனக்குத் தெரிந்ததுதான். அந்த டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். வாரத்துக்கு மூன்று தடவை போனில் முகம் பார்த்துப் பேசுகிறவள் எதற்காகக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நான் ஒன்றை ஆரம்பித்தால் நீ 'சீக்கிரம் சொல்லும்மா, மீட்டிங் இருக்கு' என்கிறாய், இது சீக்கிரம் சொல்லி முடிக்கிற விஷயமில்லை. அதுவும் போக, என் தப்பை நானே சொல்லும்போது உன் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கும். மாப்பிள்ளையின் சிநேகிதர் அடுத்த வாரம் அங்கே திரும்புகிறாராம், மிளகாய்த்தூளோடு இதையும் அவரிடம் கொடுத்து விடுகிறேன்.

நம் உரக்கடைக்கு நீ ஒரு வலைப்பூ ஆரம்பித்துக் கொடுத்தாய் அல்லவா, அதைப் பற்றித்தான். மே மாதத்தில் ஒருநாள் யார் யார் படிக்கிறார்கள் என்று கணக்கெடுத்துச் சொன்னாய். சிங்கப்பூரில் இரண்டு பேர், கனடாவில் ஒருவர், கள்ளக்குறிச்சிப் பக்கம் முப்பத்தோரு பேர். எனக்குக் கனடா மட்டும்தான் காதில் விழுந்தது. 'யாருக்கும்மா எழுதுறீங்க?' என்று நீ கேட்டதற்கு, உலகத் தமிழர்களுக்கு என்று சொன்னேன். நீ சிரித்தாய், எனக்குக் கோபம் வந்து போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நாம் எல்லாம் பேசினோம், வலைப்பூவைப் பற்றி மட்டும் நானும் பேசவில்லை நீயும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவள் நான், அதற்கப்புறம் முப்பது வருஷம் பூச்சிமருந்துக்கு ரசீதுதான் எழுதினேன், நல்ல தமிழை எடுத்து விட ஓர் இடம் கிடைத்ததும் விடுவேனா? கும்பகோணத்திலிருந்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் 'அருந்தமிழ்' என்று கீழே எழுதியிருந்தார். அதை எத்தனை தடவை எடுத்துப் பார்த்திருப்பேன் என்று உன் அத்தாவைக் கேள்.

பக்ரீத் முடிந்த வாரம் ஒரு நடுப்பகலில், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து இருசம்மாள் என்றொரு அம்மாள் மருமகளோடு கடைக்கு வந்தாள். நம்மிடம்தான் வேப்பெண்ணெய் வாங்கிப் போயிருக்கிறாள். கையில் இருந்த மஞ்சள் பையை மேசைமேல் கொட்டினாள், அத்தனையும் மரவள்ளி இலை, அடுப்பில் காட்டி எடுத்த மாதிரி கருகிச் சுருண்டிருந்தது. 'இன்னா பாயம்மா இப்படி பண்ணிட்ட? நீ எழுதினபடிதான் அடிச்சேன், ஒரு ஏக்கராவும் போச்சு' என்றாள். நான் எங்கே எழுதினேன் என்று கேட்டேன். மருமகள் எழில்மதி போனை நீட்டினாள். வேப்பெண்ணெய் டின்னில் ஒட்டச் சொல்லி நீ ஒரு கட்டம் போட்ட படம் அனுப்பினாயே, அந்த க்யூஆர் படத்தைப் போனில் காட்டி வலைப்பூவைத் திறந்திருக்கிறார்கள். மாவுப்பூச்சிக்கு நான் எழுதியது அப்படியே இருந்தது, 'மூன்று விழுக்காடு வேப்பெண்ணெய்க் கரைசலை மரவள்ளியின் இலைப்பரப்பில் தெளித்திடுக.' எழில்மதி சின்னக் குரலில் சொன்னாள், 'விழுக்காடுன்னா இன்னான்னு தெரியலீங்க. எங்க காட்டுலதான் செடியெல்லாம் சாஞ்சி விழுந்துகினு இருந்துச்சு, அப்படி விழுந்த காட்டுக்கு மூணு டின்னுன்னு நெனச்சிக்கினோம்.' ஒரு லிட்டர் டின் மூன்று, முதுகில் மாட்டித் தெளிக்கிற பத்து லிட்டர் டாங்கில் மூன்று டாங்கு தண்ணீர், டாங்குக்கு ஒரு டின், அதுவும் உச்சி வெயிலில். இலை கருகாமல் என்ன செய்யும்?

நான் உடனே என் பக்கத்து நியாயத்தைப் பேச ஆரம்பித்தேன், விழுக்காடு என்றால் சதவீதம், பத்து லிட்டர் தண்ணீருக்கு முந்நூறு மில்லிதான் என்று. இருசம்மாள், 'அத அப்படியே எழுதறதுக்கு இன்னா?' என்றாள். அவர்களை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்த உன் அத்தா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, 'அவங்க மேல தப்பில்ல ஜீனத்து, கடையிலேயே கெடக்கிற எனக்கே நீ எழுதறது பாதி புரியாது' என்றார். அப்புறம் ஏன் ஒவ்வொரு தடவையும் நல்லா இருக்குன்னு சொன்னீங்க என்று கேட்டேன். 'நான் எங்க படிச்சேன்' என்றார் மனிதர்.

வேளாண்மை அலுவலகத்தில் இருப்பவரிடம் அத்தா போனில் கேட்டார். தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சையாக இருந்தால் செடி பிழைத்துக்கொள்ளும் என்று அவர் சொன்னார். அதை இருசம்மாளிடம் சொல்லி அனுப்பிவிடலாம் என்றுதான் அத்தா நினைத்தார், எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அவருக்கு முட்டி, ஆகவே மறுநாள் காலையில் நான் ஒருத்தியே வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினேன். கச்சிராயப்பாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் ஒவ்வொரு வளைவிலும் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டேன், பக்கத்து சீட்டுப் பெண் எனக்குப் பயந்து ஜன்னலோரத்தையே விட்டுக்கொடுத்துவிட்டாள். இருசம்மாள் காட்டை நேரில் பார்த்தபோதுதான் நான் செய்தது எவ்வளவு என்று தெரிந்தது பாயிஸா. சரிவு முழுக்க வெறும் குச்சிகள். வருஷம் முழுக்க அவர்களுக்கு அந்த ஒரு ஏக்கர்தான், மற்ற நாளெல்லாம் கூலிக்குப் போகிறவர்கள். முதல் செடியைக் கீறினேன், பழுப்பாக இருந்தது. இரண்டாவதும் பழுப்பு. மூன்றாவதில் நகத்தை வைத்தேன். இருசம்மாள் என் கையைப் பிடித்து, 'மேல கீறாத, கீழ கீறு' என்றாள். முழங்கால் உயரத்தில் கீறினேன். பச்சை! அடுத்ததும் பச்சை. இருவரும் குனிந்தபடி வரிசை வரிசையாகக் கீறிக்கொண்டே போனோம். பத்துக்கு எட்டு பச்சையாக இருந்தது. என்னை அறியாமல் அல்ஹம்துலில்லாஹ் என்று கத்திவிட்டேன், அவள் தன் சாமியைக் கும்பிட்டாள்.

அப்புறம் அவர்கள் வீட்டில் சோறு போட்டார்கள். சாப்பிட்டதும் நான் எழுதியதையெல்லாம் எழில்மதியை வாசிக்கச் சொன்னேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். முதலில், மரவள்ளி என்றே அங்கே யாரும் சொல்வதில்லை, குச்சிக்கிழங்குதான். இலைப்பரப்பு என்றதும் ஒருத்தி இலையைப் பரப்பிப் போடணுமா என்று கேட்டாள், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது. முந்நூறு மில்லியை எதில் அளப்பீர்கள் என்று கேட்டேன். இருசம்மாள்தான் சொன்னாள், 'கல்யாணத்துல எலைக்குப் பக்கத்துல சின்னத் தண்ணி பாட்டிலு வைப்பாங்கோல்ல, அது எல்லா வூட்லயும் ரெண்டு கெடக்கும்.' பார்த்தால் அதில் முந்நூறு மில்லி என்றே அச்சிட்டிருக்கிறது! அங்கேயே உட்கார்ந்து புதிதாக எழுதினேன். 'குச்சிக்கிழங்குச் செடியில் வெள்ளையாக மாவு மாதிரி பூச்சி இருந்தால், ஒரு டாங்கு தண்ணீருக்குக் கல்யாணத் தண்ணி பாட்டிலில் ஒரு பாட்டில் வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புத் தண்ணீர். சாயங்காலம் அடியுங்கள். அந்தப் பாட்டிலில் சிவப்புத் துணி கட்டிப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.' வாசித்துக் காட்டினேன். 'புரியுது பாயம்மா. மழ வர மாதிரி இருந்தா அடிக்கலாமா வேணாமா, அதப் போடலியே' என்றாள் இருசம்மாள். வேண்டாம் என்று அதையும் சேர்த்தேன்.

ஒரு மாதத்தில் நல்ல மழை பெய்து செடியெல்லாம் துளிர்த்துவிட்டது, எழில்மதி படம் அனுப்பினாள், உனக்கும் அனுப்பச் சொல்கிறேன். கிழங்கு கொஞ்சம் கம்மியாகத்தான் வரும், அது என்னால் வந்த நஷ்டம், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அத்தா இருசம்மாளிடம் சொல்லிவிட்டார். கும்பகோணத்துப் பேராசிரியர் 'நடை சற்றே இறங்கிவிட்டது' என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தார். இறங்கவில்லை ஐயா, வெள்ளிமலை வரைக்கும் ஏறிவிட்டுத்தான் வந்தது என்று பதில் போட்டேன். அன்று ராத்திரி மனசு கொஞ்சம் வலித்தது, பொய் சொல்லக் கூடாது. இப்போது எதை எழுதினாலும் போடுவதற்கு முன்னால் இருசம்மாளுக்குப் போன் பண்ணி வாசித்துவிடுகிறேன். போன வாரம் அவள் காட்டுப்பன்றியை விரட்ட என்ன மருந்து என்று ஒருத்திக்காகக் கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். தெரியாதா என்று ஆச்சரியப்பட்டுவிட்டு, 'பழைய பொடவய காட்ட சுத்திக் கட்டணும், தொவைக்காத பொடவையா இருக்கணும், அந்த வாசனைக்கே வராது. நான் சொல்றேன் நீ எழுதிக்கோ' என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதி, சொன்னவர் இருசம்மாள் என்று மேலே பேரும் போட்டேன்.

நீயும் எழுத்து வேலை பார்க்கிறவள், யாருக்கு எழுதுறீங்க என்று நீ அன்றைக்குக் கேட்டது சரிதான், நான்தான் காது கொடுக்கவில்லை. இதை எழுதி முடிக்கப் பதினைந்து நாள் தைரியம் தேவைப்பட்டது. பேத்திக்குக் காதில் குளிர் படாமல் குல்லா போடு, மிளகாய்த்தூளைப் பார்த்துப் போடு, இந்தத் தடவை காரம் ஜாஸ்தி. அல்லாஹ் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். நேற்று எழில்மதி போன் பண்ணினாள். வலைப்பூவில் பேர் வந்திருக்கிறது என்று இவள் சொன்னதும் இருசம்மாள் கையைக் கழுவிவிட்டு வந்து, எது என் பேரு காட்டு என்றாளாம். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எழில்மதி காட்டிய இடத்தில் விரலை வைத்துத் தடவியிருக்கிறாள், பக்கம் சர்ரென்று மேலே ஓடிவிட்டது. 'ஐயையோ, அழிஞ்சி போச்சா?' என்று பதறிப்போனாளாம். இல்லை அத்தே, அங்கேயேதான் இருக்கு என்று திரும்பக் கொண்டுவந்து காட்டியிருக்கிறாள். இந்தத் தடவை தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றாளாம்.

உன் அம்மா,
நூ. ஜீனத்துன்னிசா