பாளை வெடித்த உயரம்

வர்க்கலை, வெள்ளி

அன்புள்ள அம்மாவுக்கு,

இன்று எழுந்ததும் முதல் வேலையாகக் காற்று பலமாக வீசுகிறதா என்று பார்த்தேன். பலமில்லை. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம்.

"நாப்பத்தாறு வயசுல ஆபீஸுக்கு லீவு போட்டுட்டு மரமேறப் போறியா?" என்று அழுதீர்களே, இன்று முதன்முறையாகத் தென்னையின் உச்சி வரை ஏறிவிட்டேன். இடுப்பில் கயிறு இருந்தது, பயப்படாதீர்கள். பாதியில் மேலே போகாமல் நின்றபோது, பயிற்சி தரும் ரஜனி கீழேயிருந்து கத்தினாள்: "லதிகா சேச்சி, அங்கேயே ஃபைல் பாக்க உக்காந்துட்டீங்களா? கையெழுத்தப் போட்டுட்டு மேல போங்க!" சிரித்துக்கொண்டே மேலே ஏறினேன்.

உச்சியில் ஒரு பாளை அப்போதுதான் வெடித்திருந்தது. தேனீக்கள் என்னைச் சட்டை செய்யவில்லை. மரம் மெல்ல அசைய, நானும் அசைந்தேன். ஓலைகளுக்கு அப்பால் முழுக் கடலும் தெரிந்தது. இத்தனை வருடம் இதே மரங்களடியில் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன் அம்மா, தலைக்கு மேலே இவ்வளவும் இருந்திருக்கிறது.

உள்ளங்கை உரிந்துவிட்டது, நீங்கள் காய்ச்சும் எண்ணெய் கொஞ்சம் அனுப்புங்கள். முடிந்தால் அந்தப் பழைய ரேடியோவையும். சாயங்காலம் அறையில் ஒரு குரல் கேட்டால் போதும்.

ரஜனி அடுத்த மரத்துக்குக் கூப்பிடுகிறாள். திங்களன்று விடுப்பு முடிகிறது. நான் அலுவலகத்துக்குத் திரும்பப் போவதில்லை. இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.

லதிகா