அண்ணாச்சி என்று கூப்பிட்டவன்

செவ்வாய் இரவு.

என் பை வியாபாரத்துக்காக மகள் செல்வி ஆன்லைனில் பக்கம் திறந்து, பேங்க் கணக்கை இணைத்தாள். மதியம் ஒரு போன். இந்தியில் பேசியிருந்தால் உடனே போனை வைத்திருப்பேன், மும்பை தாராவிக்காரனை ஏமாற்ற முடியுமா! அவனோ, "அண்ணாச்சி, நல்லாருக்கியளா? கணக்கை வெரிஃபை பண்ணணும், ஓடிபி சொல்லுங்க" என்றான். எங்கள் ஊர்த் திருநெல்வேலிப் பேச்சில் உருகிச் சொல்லிவிட்டேன். ஊரில் மழை உண்டா என்று வேறு விசாரித்தேன்.

சாயங்காலம் செல்வி, "வெரிஃபை ஆக ரெண்டு நாளாகும்ப்பா. அந்த ஆன்லைன் கம்பெனிக்காரங்க போன்லாம் பண்ண மாட்டாங்க" என்றாள். ஓடிபி சொன்னதை அவளிடம் மறைத்துவிட்டேன். அவள் காலேஜ் ஃபீஸ் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. பேங்க் நம்பருக்குப் போன் போட்டால் பாட்டு மட்டும் பாடுகிறது, யாரும் எடுக்கவில்லை.

இப்போது தலையணைக்கடியில் போன் அதிர்கிறது. பணம் போன மெசேஜோ, அவனேதானோ என்று எடுத்துப் பார்க்காமல் கிடக்கிறேன்.

செல்வி புரண்டு படுத்து, "யாருப்பா இந்நேரத்துல?" என்கிறாள்.