ஒழுகுகிற வீட்டைத் துடைத்து வைத்த கதை

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உயிரோடும் ரோஷத்தோடும் நன்றாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வீட்டை நாங்கள் காலி செய்யவில்லை, நகராட்சி நம் பக்கம் உத்தரவு போட்டுவிட்டது. போன மாதம் நீ போனில், எதுக்கும்மா இந்த வயசுல சண்டை, எல்லாத்தையும் விட்டுட்டு இங்க வந்துடுங்க என்று அழுதாயே, அதற்குப் பதிலைப் போனில் சொன்னால் பாதியில் குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நம் படுக்கையறையில் ஐந்து இடம், கூடத்தில் நாலு இடம் ஒழுகுகிறது. பாத்திரக் கடைக்காரி வீட்டில் ஏந்தி வைக்கப் பாத்திரத்துக்கா பஞ்சம், ஒன்பது இடத்திலும் வைத்துத்தான் ஓட்டினேன். ஆனால் அப்பாவுக்கு இந்த ஈரத்தில்தான் இளைப்பு ஏறுகிறது என்று டாக்டர் சொன்ன பிறகு சும்மா இருக்க முடியுமா? வீட்டு உரிமையாளரிடம் நாலு தடவை போனேன், அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று வாயாலேயே கூரை போட்டார். நகராட்சியில் மனு கொடுத்தேன், இன்ன தேதிக்கு ஒரு பெண் அதிகாரி பார்க்க வருவார் என்று கடிதம் வந்தது. இங்கேதான் உன் அம்மா கோட்டை விட்டாள். வீட்டுக்கு ஆள் வருகிறது என்றதும், இருபத்தாறு வருஷமாகக் கடையில் நசுங்கினதைப் பின்னால் தள்ளிப் பளபளப்பை முன்னால் அடுக்கிப் பழகின கை சும்மா இருக்கவில்லை. முந்தின நாளே ஒன்பது பாத்திரத்தையும் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன், சுவரில் பூத்திருந்த கறுப்பைச் சோப்பு போட்டுத் தேய்த்தேன், போகாத கறை மேல் காலண்டரை மாட்டினேன், அப்பாவுக்கு இஸ்திரி போட்ட சட்டை வேறு. அன்றைக்குப் பார்த்து நல்ல வெயில். நான் ஒழுகுது ஒழுகுது என்கிறேன், அந்தப் பெண் பார்ப்பதோ கல்யாண வீடு மாதிரி ஒரு வீட்டை. குடியிருக்கத் தகுந்த நிலையில் உள்ளது என்று எழுதிவிட்டுத் தேநீர் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் மேல் தப்பே இல்லை.

உரிமையாளர் அந்தத் தாளின் நகலோடு வாசலில் வந்து நின்று, அரண்மனையில இருந்துகிட்டு ஒழுகுதுன்னு பொய் மனுவா போடுற, மாசக் கடைசிக்குள்ள சட்டி பானையைத் தூக்கிட்டுக் கிளம்பு என்று தெருவே கேட்கக் கத்தினார். இருபத்திரண்டு வருஷம் இருந்த வீடு, படி இறங்கினால் நம் கடை, அப்பாவால் மூச்சு வாங்காமல் நடக்க முடிகிற தூரமே அவ்வளவுதான். கிளம்பு என்றால் எங்கே கிளம்புவது? மறுநாள் நகராட்சியில் போய் நின்றேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா தலையைக்கூடத் தூக்காமல், கோப்பு மூடியாச்சும்மா, ஆறு மாசம் கழிச்சு வாங்க என்றான். தம்பி, விற்ற பாத்திரம் ஒழுகுதுன்னு யாராவது கொண்டு வந்தா நான்கூட வாங்கிப் பார்ப்பேன், நீங்க பார்க்கவே மாட்டேங்கிறீங்களே என்று கேட்டு, பின்னால் பன்னிரண்டு பேர் முணுமுணுக்க முணுமுணுக்க அந்த ஜன்னலை விட்டு நகரவில்லை. கடைசியில் அவனே, அதே கூரைக்குக் கீழே இருக்கிற வேற யாராவது மனு போட்டா புதுக் கோப்பு திறக்கலாம் என்று வழி சொன்னான். நேரே பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம் போனேன். அவர், அக்கா, உங்களுக்கு வாய் இருக்கு, எனக்கு ஊசிதான் இருக்கு, என்னை விட்டுடுங்க என்று கும்பிட்டார். தைக்கிற மிஷினுக்குப் பாலிதீன் போர்த்தி வச்சிருக்கியே, என்னைக் காலி பண்ணினதும் அடுத்து யாரைப் பண்ணுவான்னு நினைக்கிற என்றேன். ரொம்ப நேரம் நூலையே கோத்துக்கொண்டிருந்தார், அப்புறம் பேனாவைக் கேட்டார்.

மனுவில் ஒரே ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: தேதி சொல்லாமல், மழை பெய்கிற நாளில் வரவும். செவ்வாய்க்கிழமை கொட்டுகிற மழையில் அதே பெண் வந்தாள். இந்தத் தடவை நான் எதையும் நகர்த்தவில்லை, எதையும் துடைக்கவில்லை. அவள் எழுதுகிற தாள் மேலேயே ரெண்டு சொட்டு விழுந்தது. போன தடவை இதெல்லாம் எங்கேம்மா இருந்தது என்று கேட்டாள். நான்தான் ஒளிச்சு வச்சேன், வெட்கமா இருந்தது, இப்போ வெட்கப்பட வேண்டியவர் வேற ஆள்னு தெரிஞ்சுபோச்சு என்றேன். அதற்குள் உரிமையாளர் மூச்சிரைக்க ஏறி வந்து, இவளே தண்ணியை ஊத்தி வச்சிருக்கா மேடம் என்றாரே பார்க்கணும்! எந்தச் சண்டையிலும் வாயைத் திறக்காத உன் அப்பா கட்டிலை விட்டு எழுந்து, வாங்க, நீங்க இதுல ஒரு மணி நேரம் படுத்துட்டு அப்புறம் பேசுங்க என்றார். அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, குடியிருக்கத் தகுந்த நிலையில் இல்லை என்று எழுதினாள்.

இனிமேல் எங்களை அங்கே வந்து ஒண்டிக்கொள்ளச் சொல்லாதே. விருந்தாளியாக வருவோம், பெட்டியோடு திரும்புவோம். உன் குளியலறைச் சுவர் கறுக்கிறது என்றாயே, அதைத் துடைக்காதே, முதலில் படம் எடு, பிறகு உன் ஊர் நகராட்சிக்கு எழுத்தில் கொடு. குழந்தைக்கு முத்தம். தலை நிமிர்ந்து, ஒரு குறையும் இல்லாமல் நீங்கள் மூன்று பேரும் நூறு வருஷம் வாழ வேண்டும். மாப்பிள்ளை விவரம் கேட்பார், இதை அவருக்குப் படித்துக் காட்டு. வெள்ளிக்கிழமை நகராட்சி அலுவலகத்தில் உரிமையாளர் உட்பட எல்லோரும் கையெழுத்துப் போட்ட உத்தரவு இது. கூரைத் தளம் முழுவதையும் உரிமையாளர் உடைத்து அறுபது நாளுக்குள் புதிதாகப் போட வேண்டும். அதுவரை கீழே பூட்டிக் கிடக்கும் இரண்டு அறையில் எங்களுக்கு ஒன்று, தையல்காரர் குடும்பத்துக்கு ஒன்று, வாடகை கிடையாது. வேலை முடிந்ததும் அவரவர் வீடு அவரவருக்கு, அதே வாடகை, மூன்று வருஷத்துக்கு ஏற்றம் இல்லை, காலி செய்யச் சொல்லும் பேச்சும் இல்லை. அறுபத்தோராம் நாள் ஒழுகினால் நகராட்சியே ஆள் வைத்துச் செய்து, செலவை உரிமையாளரிடம் வசூலிக்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா