ரிப்போர்ட்டில் இருப்பவள்

மார்ச் 4, செவ்வாய்

இன்று மூட்டை நிறுக்கும் தராசின் மேல் உட்கார்ந்து தூங்கிவிட்டேன். செருப்பு வாரைச் சரிசெய்யத்தான் உட்கார்ந்தேன். கண் விழித்தபோது கிடங்குக்காரர் கையில் ஒரு சீட்டுடன் நின்றிருந்தார். அறுபத்தெட்டு கிலோ முந்நூறு. "நீங்க ஆடல அசையல மேடம், ரீடிங் சுத்தமா வந்துச்சு" என்றார். தராசு சரியாகத்தான் இருந்தது. முத்திரை வைத்துவிட்டு வந்தேன். பதினேழு வருடமாக இதுதான் வேலை: கடை கடையாகப் போய்த் தராசு சரியா என்று பார்ப்பது. தராசு மேலேயே படுத்தது இதுதான் முதல் தடவை.

சாயங்காலம் டாக்டர். எனக்குத் தைராய்டு சுரப்பி பேருக்குத்தான் இருக்கிறது. அதன் வேலையை ஐந்து வருடமாக ஒரு பெரிய மாத்திரை பார்க்கிறது, போன அக்டோபரிலிருந்து துணைக்கு ஒரு சின்ன மாத்திரையும். ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் புருவத்தை உயர்த்தினார். ஹார்மோன் ரொம்ப ஜாஸ்தியாம். எனக்குப் படபடப்பாக இருக்க வேண்டுமாம், வியர்த்துக் கொட்ட வேண்டுமாம், இளைத்திருக்க வேண்டுமாம், தூக்கமே வரக்கூடாதாம். இதையெல்லாம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கேட்டேன். வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறேனா என்றார். இல்லை என்றேன். ஜனவரிக் கடைசியில் ஏற்கெனவே கொஞ்சம் குறைத்திருந்த சின்ன மாத்திரை இன்னும் பாதியானது.

மார்ச் 6, வியாழன்

ஃபேன் சண்டை. வீட்டுக்காரர் போட்டார், நான் அணைத்தேன். ஆறு தடவை. ஏழாவது தடவை கரண்ட் போயிற்று. நான் ஜெயித்ததாக வைத்துக்கொண்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

தலை சீவினால் சீப்பில் ஒரு பூனைக்குட்டி அளவுக்கு முடி. அக்கா வந்திருந்தாள். அழகு நிலையம் நடத்துகிறவள், யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் அவரவர் தலையைத்தான் பார்ப்பாள். தினம் ஒன்று விழுங்கினால் முடி வளருமாம் என்று ஜனவரியில் எனக்கு ஒரு முடி டப்பா கொடுத்ததும் அவள்தான். டப்பாவின் மேல் இடுப்பு வரை கூந்தலோடு ஒருத்தி சிரிக்கிறாள். "ஒண்ணு போதலடி உனக்கு. ரெண்டா போடு. நம்ம வம்சத்துலயே யாருக்கும் வழுக்கை இல்ல, நீ ஆரம்பிச்சு வைக்காதே" என்றாள்.

அவள் போனதும் தூங்கினேன். அவள் இருக்கும்போதும் கொஞ்சம் தூங்கியிருப்பேன் போல.

ஏப்ரல் 15, செவ்வாய்

மாத்திரையைக் குறைத்து ஆறு வாரம். ஹார்மோன் குறையவில்லை, ஏறியிருக்கிறது! காகிதத்தில்தான். எனக்கு முகம் உப்பி, குரல் கரகரத்து, இரண்டு கிலோ கூடி, படி ஏறினால் நடுவில் நின்று எதற்கு ஏறினோம் என்று யோசிக்கும் நிலை.

வேறு மருந்து? என்று டாக்டர் மறுபடி கேட்டார். இல்லவே இல்லை என்றேன். பெரிய மாத்திரையையும் குறைத்தார். "அடுத்த ரத்தத்துலயும் இப்படியே வந்தா சின்ன மாத்திரைய மொத்தமா நிறுத்திடலாம்மா. இதயத்துக்கு ஆகாது. மனசுல ஏதாவது பாரம் இருக்கான்னும் ஒருத்தர்கிட்ட காட்டிடுங்க." எவ்வளவு பாரம் என்று கிலோவில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

சின்ன மாத்திரை போய்விடும். போன வருடக் கடைசியில் இரண்டு மாதம்—அது தொடங்கிய புதிதில்—நான் நானாக இருந்தேன். மாடிக்குப் போய் நின்ற பிறகுதான் படி ஏறினதே தெரியும். ஜோக் கேட்டால் அப்போதே சிரிப்பு வந்தது, மறுநாள் அல்ல. அதைப் பிடுங்கிவிட்டால் மிச்சமிருக்கிற இந்த மூட்டையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஏப்ரல் 19, சனி

ரிப்போர்ட்டில் இருப்பவளைப் பற்றியே நினைப்பாக இருக்கிறது. ஒல்லியாக இருப்பாள். காலை நாலு மணிக்கே எழுந்து வீடு துடைத்துவிட்டு, போதாதென்று பக்கத்து வீட்டையும் துடைப்பாள். வேர்வையைப் புறங்கையால் வழித்துக்கொண்டு நாற்பது தராசு பார்ப்பாள். என் பெயர், என் வயது, என் ரத்தம். வாழ்வதெல்லாம் அவள், மூச்சு வாங்குவது நான்.

இதை அவரிடம் சொன்னேன். "அவள ஒரு நாள் வீட்டுக்குக் கூட்டிட்டு வாயேன்" என்றார். விளையாட்டாகத்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் பொய் சொல்கிறேன் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டேன். "நீ சொல்றத நம்பறேன். ஆனா காகிதத்துல வேற மாதிரி இருக்கே" என்றார்.

அந்த 'ஆனா' இருக்கே. கூடவே இருந்து பாக்கறாரே மனுஷன்! இருபது வருஷமா ஒரே போர்வை. பாத்தும் காகிதம்தான் பெருசா?

ஆனால் யாரைக் குறை சொல்ல? எத்தனை கடைக்காரர்கள் என்னிடம் சத்தியம் செய்திருக்கிறார்கள். ஒருத்தரையாவது நம்பியிருக்கிறேனா? முள் என்ன சொல்கிறதோ அதுதான் எனக்கும்.

மே 2, வெள்ளி

காணாமல் போன மூக்குக்கண்ணாடி ஃப்ரிட்ஜில் இருந்தது. குளிர் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

மே 8, வியாழன்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

பருப்புக் கடை. பழைய முள் தராசு. போனதும் எப்போதும் கேட்பதைக் கேட்டேன்: தட்டைக் காலி பண்ணுங்க, வேற எதுவும் இல்லையே? இல்லை என்றார் கடைக்காரர். ஒரு கிலோ கல்லை வைத்தேன். ஒரு கிலோ எண்பது கிராம் காட்டியது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரு நாள் கூடுகிறது, ஒரு நாள் குறைகிறது, மெக்கானிக் மூன்று தடவை வந்து திருகைத் திருகிவிட்டார், ஒவ்வொரு தடவையும் இன்னும் மோசமாகிறது என்று புலம்பினார்.

தட்டைத் தூக்கினேன். அடியில் சிவப்பு நிறத்தில், ஓரமெல்லாம் பூ வெட்டிய ஒரு ஸ்பாஞ்சு விரிப்பு. சொதசொதவென்று இருந்தது. தினமும் காலையில் தட்டைக் கழுவுகிறார், அது தண்ணீர் குடிக்கிறது. வெயிலேற ஏற காய்கிறது. மெக்கானிக் திருகையே பார்த்தாரே தவிர தட்டைத் தூக்கிப் பார்க்கவில்லை.

"வேற எதுவும் இல்லைன்னீங்களே?"

"அது சாமான் இல்லையே மேடம். அழகுக்குப் போட்டது."

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். திறந்தபடியே பருப்பு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். அவர் பயந்து தண்ணீர் கொண்டுவந்தார்.

டாக்டர் ஒவ்வொரு தடவையும் கேட்டார். வேற எதுவும் இல்லையேம்மா? இல்லை டாக்டர். இல்லவே இல்லை டாக்டர். அழகுக்குப் போட்டதை எவள் மருந்தென்று சொல்வாள்!

மே 9, வெள்ளி

டாக்டருக்குப் போன் செய்து முடி டப்பாவில் இருப்பதைப் படித்தேன். பயோட்டின், பத்து மில்லிகிராம். தினம் இரண்டு. எத்தனை நாளாக என்று கேட்டார். ஜனவரியிலிருந்து என்றேன்.

பிறகு விளக்கினார். அது தைராய்டை ஒன்றும் செய்யாது. ரத்தம் பார்க்கும் மெஷினைத்தான் ஏமாற்றும். அந்தச் சோதனையிலேயே இதே பயோட்டினை உபயோகிப்பதால், ரத்தத்தில் அது நிறைய இருந்தால் ஹார்மோன் ஜாஸ்தி என்று காட்டிவிடும். அதாவது: முடி கொட்டியது, டப்பாவைத் திறந்தேன். டப்பாவால் ரிப்போர்ட் ஏறியது, மாத்திரை குறைந்தது. மாத்திரை குறைந்ததால் முடி இன்னும் கொட்டியது, அக்கா இன்னொன்று போடச் சொன்னாள். இப்படியே போயிருந்தால் நான் மொட்டையாகப் படுத்த படுக்கையாகக் கிடக்க, ரிப்போர்ட்டில் இருப்பவள் ஓட்டப்பந்தயத்தில் பரிசு வாங்கியிருப்பாள்.

"நான் பேர் சொல்லியே கேட்டிருக்கணும்மா. தப்பு என் மேலயும் இருக்கு" என்றார். டப்பாவைத் தொடாமல் பத்து நாள். பிறகு காலையில், மாத்திரை போடும் முன்னால், ரத்தம்.

அக்காவுக்குக் கோபம். முடிக்குத்தானே கொடுத்தேன், ரத்தத்துக்கா கொடுத்தேன் என்கிறாள்.

மே 20, செவ்வாய்

வந்துவிட்டது! ஹார்மோன் அதலபாதாளத்தில். ஹார்மோன் குறைந்தால் ஏறும் டி.எஸ்.எச். நாலுக்குள் இருக்க வேண்டியது முப்பத்தொன்று. டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், என் ஸ்வெட்டரைப் பார்த்தார், இரண்டு மாத்திரையையும் பழைய அளவுக்கே எழுதினார். இனி அடுத்த கணக்கு இந்தக் காகிதத்தை வைத்துத்தான் என்றார். உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

வீட்டில் அவர் ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தார். எழுந்து போய் ஃபேனை அவரே அணைத்தார். இன்னொரு போர்வை கொண்டுவந்து போர்த்திவிட்டு, "ரொம்பக் கஷ்டப்பட்டிருக்க" என்றார். இதமாக இருந்தது. காகிதம் வந்த பிறகுதானே என்று வலிக்கவும் செய்தது. இரண்டும் நிஜம். வியர்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஜூலை 6, ஞாயிறு

மத்தியானம் நான்தான் எழுந்து போய் ஃபேனைப் போட்டேன். ஐந்தில் வைத்தேன். வெளியே மழை. அவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "குளிருதுடி" என்றார்.

"ரிப்போர்ட் இருக்கா?" என்று கேட்டேன்.

கேட்டுவிட்டு என் ஸ்வெட்டரை எடுத்துக் கொடுத்தேன். அவருக்கு அதன் கைதான் கொஞ்சம் குட்டை.