அட்டைக் கூரையில் துரு

என் கோபக்காரிக்கு,

வந்துடுச்சு! என் பொம்மை ரயில்வே ஸ்டேஷன் கூரைக்கு அசல் துரு வந்துடுச்சு!

முதல்ல பழுப்பு பெயின்ட். அது காஞ்சதும் ஈரம் தொட்டு அங்கங்கே உப்பு தூவி, மேல சாம்பல் பெயின்ட் அடிச்சேன். அப்புறம் உப்பைத் தேய்ச்சு உதிர்த்தா, துரு திட்டுத்திட்டா எட்டிப் பார்க்குது! உன் தம்பி, "மாமா, எந்தக் காலத்துத் தகரம் இது?"ன்னான். அட்டைடா அது! எனக்குத் தலைகால் புரியல.

உன் உப்பு ஜாடி காலி. திட்டாதே.

"வாசல் கேட் துருப்பிடிச்சுக் கத்துது, நீங்க பொம்மைக்குத் துரு பூசுறீங்க"ன்னு சொல்லிட்டுப் போனியே, அந்த கேட்டைச் சுரண்டி எண்ணெய் விட்டுட்டேன். இப்போ சத்தமே இல்ல. நீ வந்தாக்கூட எனக்குக் கேட்காது.

அதனால திறந்தே வெச்சிருக்கேன்.

கையெல்லாம் பெயின்ட்டோட,
உன் வீட்டுக்காரன்