என் முழத்துக்கு முடிந்த கயிறு

12.2.2003, புதன்

மரத்திலிருந்து விழுந்து படுத்து நாற்பத்தொரு நாள். தொடையில் வைத்த தகடு ராத்திரி பகலாக இழுக்கிறது. உரக்கடையில் கொடுத்த டைரியில் இதுவரை கூரை ஓடுகளை எண்ணித்தான் எழுதியிருக்கிறேன். இருநூற்றுப் பன்னிரண்டு. நேற்று இருநூற்றுப் பதின்மூன்று வந்தது.

ஏரிக்கரையில் நான் ஏலம் எடுத்த ஐந்து புளியமரமும் காய்த்துக் கனத்து நிற்கின்றன. பங்குனி கடைசிக்குள் உலுக்கி முடிக்காவிட்டால் மரம் ஊருக்கே திரும்பிவிடும். வழக்கம் அப்படி. ஏற ஆள் கேட்டால் அவனவன் அவனவன் மரத்தில் இருக்கிறான். விக்கிரமங்கலம் சுற்றுவட்டாரத்தில் வீரமுத்து ஏறாத மரம் இல்லை என்பார்கள். அந்த வீரமுத்துவுக்கு இப்போது கட்டிலை விட்டு இறங்க ஆள் வேண்டும்.

14.2.2003, வெள்ளி

கஞ்சியை வைத்துவிட்டு என் பெண்டாட்டி பூங்காவனம் சொன்னாள்: "நான் ஏறுறேன்."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

15.2.2003, சனி

முடியாது என்று சொல்லிவிட்டேன். விழுந்தவன் நான். எப்படி விழுவது என்று எனக்குத்தான் தெரியும். பிடித்த கிளை கையோடு வரும், அப்புறம் ஒரு விநாடி ஒன்றுமே இருக்காது. அதை இவளிடம் எப்படிச் சொல்வது? கல்யாணமாகி பதினாறு வருஷத்தில் பயமாக இருக்கிறது என்று ஒரு தடவைகூட அவளிடம் சொன்னதில்லையே.

17.2.2003, திங்கள்

லப்பைக்குடிக்காட்டிலிருந்து நசீருதீன் பாய் பார்க்க வந்தார். என் புளி பத்து வருஷமாக அவர் கடைக்குத்தான் போகிறது. அதற்கு முன் அவருக்கு துபாயில் தோட்ட வேலை, பேரீச்சை மரம் கழிப்பது.

"அல்லாஹ் காப்பாத்திட்டான் வீரமுத்து. ஆனா தப்பு ஒன் மேலதான். அங்க கயிறு இல்லாம ஏறினா அன்னைக்கே டிக்கெட் போட்டு அனுப்பிருவான்."

"கயிறு கட்டி ஏறுறவன் மரமேறியா பாய்?"

"கயிறு கட்டாம படுத்துக் கெடக்கறவன் மரமேறியா?"

கோபம் வந்தது. அவர் என் துண்டை எடுத்துக் கட்டில் காலில் மாட்டி, கொக்கிக் கயிறு எப்படி வேலை செய்யும் என்று காட்டினார். பூங்கா வாசற்படியில் நின்று கண்கொட்டாமல் பார்த்தாள். அவளுக்கு இல்லையென்று சொல்ல இனி எனக்கு வழி இல்லை.

20.2.2003, வியாழன்

லாரிப் பட்டறையில் கம்பியைக் காய்ச்சி வளைத்துத் தந்தார்கள். முதல் கொக்கிக்கு வாய் சின்னது, முருங்கைக் கிளைக்குத்தான் ஆகும். திருப்பி அனுப்பினேன். இரண்டாவது சரி. ஓரமெல்லாம் நானே அரம் போட்டேன். லாரி சீட் பெல்ட்டை இரண்டாக மடித்து அரியலூர் பஸ் ஸ்டாண்டு செருப்புக்காரரிடம் தைத்த இடுப்புப் பட்டை. தார்ப்பாய் கட்டும் நைலான் கயிறு.

தொரட்டியால் கொக்கியைத் தூக்கி மேல்கிளையில் மாட்ட வேண்டும். தொங்கும் நீளக் கயிற்றில் ஒரு சன்னக் கயிற்றை மூன்று சுற்று சுற்றி, அதன் மறுமுனையை இடுப்புப் பட்டையில் கட்ட வேண்டும். கையால் தள்ளினால் சுற்று நகரும், பாரம் விழுந்தால் கவ்விக்கொள்ளும். பிடிமுடிச்சு என்று நானே பேர் வைத்தேன். கொக்கியை இடம் மாற்றும்போது மரத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்ள ஒரு குட்டைக் கயிறு. பட்டையை என் இடுப்பில் கட்டி, சன்னக் கயிற்றை இரண்டு முழம் நாலு விரல் அளந்து அறுத்தேன். கை சும்மா இல்லாத நாள். நன்றாகத் தூங்குவேன் போல.

21.2.2003, வெள்ளி

தூங்கவில்லை.

24.2.2003, திங்கள்

ஊன்றுகோலில் எழுந்து கொல்லைக்குப் போனேன். வேம்பில் கொக்கியை மாட்டி இரண்டு மூட்டை மணலைக் கட்டித் தொங்கவிட்டோம். அசையவில்லை. பூங்காவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பட்ட கிளையில் மாட்டாதே, மாட்டியதும் மூன்று தடவை இழுத்துப் பார், அப்புறம்தான் நம்பு. ஒரு மணி நேரத்தில் பிடித்துக்கொண்டாள். சந்தோஷப்பட வேண்டியவன் சிடுசிடு என்று இருந்தேன்.

1.3.2003, சனி

முதல் மரம். இறங்கிவிட்டாள். அவ்வளவுதான் எழுத முடிகிறது.

6.3.2003, வியாழன்

பூங்கா ஏறப் போட்டுக்கொள்வது என் பேண்ட், என் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. ஏரிக்கரையில் வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம். "புருசன் பொறுக்குறான், பொண்டாட்டி உலுக்குறா" என்றான் ஒருவன். நான் ஊன்றுகோலோடு நின்று புளி பொறுக்கிக்கொண்டிருந்தது உண்மைதான். காய் பொறுக்க வரும் ஆண்டாயி அவனைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

11.3.2003, செவ்வாய்

எழுதாமல் இருக்க முடியவில்லை.

மூன்றாவது மரம். கீழ்க்கிளையின் நுனிக்கு நகர்ந்தாள், கால் வழுக்கியது. கத்தக்கூட இல்லை. நான்தான் கத்தினேன். கொக்கி பிடித்தது, பிடிமுடிச்சு பிடித்தது. இரண்டு ஆள் உயரத்தில் அந்தரத்தில் தொங்கினாள். விழவில்லை! நான் செய்த கயிறு! அந்த ஒரு நிமிஷம் எனக்குப் பெருமைதான் வந்தது, பாவி.

"முடிச்சத் தள்ளிக்கிட்டு எறங்கு" என்றேன்.

"எட்டலங்க."

"எட்டும். நல்லா நீட்டு."

"எட்டலங்கறேன்ல!"

பார்த்தேன். அவள் விரல் நுனிக்கு மேல் ஒரு சாண் தள்ளி நின்றது முடிச்சு. எனக்கு எட்டும். என் இடுப்பில் கட்டி, என் முழத்தில் அளந்தது. ஏறுகிறவன் கயிற்றை ஏறுகிறவன் அளவுக்குத்தான் முடிய வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? இருபது வருஷமாக ஏறுகிறவன் நான்தானே, வேறு யார் அளவு என் கைக்கு வரும்!

பட்டை நெஞ்சுக்கு ஏறி அவளுக்கு மூச்சு முட்டியது. ஊன்றுகோலைப் போட்டுவிட்டேன். தொரட்டியை எடுத்து, மரத்தில் சாய்ந்து, தகடு வைத்த காலையும் ஊன்றி, முனையை முடிச்சுக்கு மேல் வைத்தேன். "கயித்தப் புடிச்சு கொஞ்சம் எம்பு." எம்பினாள். இழுத்தேன். நாலு விரல் இறங்கியது. எம்பு, இழு. எம்பு, இழு. எத்தனை தடவை என்று தெரியாது. ஆண்டாயி அவள் காலைப் பிடித்துத் தரையில் வைத்தாள்.

பூங்கா தண்ணீர் குடித்தாள். அப்புறம்தான் பேசினாள். "ஏறினது நானா, நீங்களா?"

12.3.2003, புதன்

இனி வேண்டாம் என்றேன். கெஞ்சினேன். "பயமா இருக்கு பூங்கா." சொல்லிவிட்டேன், வாயை விட்டு வந்துவிட்டது.

"எனக்கும்தான் இருக்கு" என்றாள். என் முடிச்சை அவிழ்த்தாள். பட்டையைத் தன் இடுப்பில் கட்டி, கையை உயர்த்தி, அரிவாளால் சன்னக் கயிற்றை அறுத்து, தானே முடிந்தாள். "எறும்பும் தன் கையால எண் சாண். நீங்க ஒங்க கையால எனக்கு அளக்காதீங்க."

கொக்கியை மட்டும் தொடவில்லை. அது நல்லா இருக்காம்.

2.4.2003, புதன்

ஐந்தாவது மரம் முடிந்தது. பங்குனி முடிய இன்னும் பதினோரு நாள் இருக்கிறது.

9.6.2003, திங்கள்

எலும்பு கூடிவிட்டதாம். நடக்கலாம், சைக்கிள் மிதிக்கலாம். "மரம்?" என்று கேட்டேன். டாக்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். வீட்டில் இதைச் சொல்லவில்லை.

10.2.2004, செவ்வாய்

காலையில் மீன்சுருட்டியிலிருந்து ஒருவர் மொபெட்டில் வந்தார். வாசலில் உட்கார்ந்து புளியங்கோது உடைத்துக்கொண்டிருந்தேன்.

"புளியமரம் ஏறுறவங்க வூடு இதுதானுங்களே?"

"ஆமாங்க." பாதி எழுந்துவிட்டேன். பழக்கம். அப்புறம் உட்கார்ந்தேன். நெஞ்சுக்குள் சுருக்கென்றது. இல்லையென்று பொய் எழுத மாட்டேன்.

"அவங்க மரத்து மேல இருக்காங்க. எறங்க மூணு மணி ஆவும். எத்தன மரம்னு சொல்லுங்க, நான் சொல்லிடறேன்."