விமானத்தின் வலது பக்கம்

ஓசூர்,
19 ஜனவரி 2025

அன்புத் தம்பி ஜோஸ்வினுக்கு,

அக்கா சாராளின் ஸ்தோத்திரம். போனில் கேட்டால் "நல்லா இருக்கேன்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்த ஜெர்மனிக் குளிரில் காதை மூடிக்கொண்டு போகிறாயா, இல்லையா?

பெங்களூரில் நடக்கும் குட்டி விமானக் கண்காட்சிப் போட்டிக்காக நீ செய்து, ஊருக்கு வந்த உன் நண்பன் குருமூர்த்தியிடம் கொடுத்தனுப்பிய விமானம் பத்திரமாக வந்து சேர்ந்தது. ஆனால் தம்பி, பெட்டியைத் திறந்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பக்கமெல்லாம் திட்டுத் திட்டாகப் பெயிண்ட். இறக்கையில் இரண்டு நிறமும் சேரும் கோடு கோணல்மாணல். டூவீலர் கம்பெனி பெயிண்ட் ஷாப்பில் இன்ஸ்பெக்டராக இருப்பவளின் தம்பி இதையா நாலு பேர் முன்னால் வைப்பது? என் லைனில் வந்திருந்தால் அந்த நிமிடமே ரிஜெக்ட்.

சிப்காட் பக்கம் பட்டறை வைத்திருக்கும் முனிவேலிடம் கொடுத்து, தேய்த்து, ஒரே சீராக அடித்துப் பளபளவென்று ஆக்கிவிட்டேன். முகம் பார்க்கலாம் போ! நன்றியெல்லாம் வேண்டாம்.

உன் அக்கா
சாராள்


ரேகன்ஸ்பர்க்,
2 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

போனில் பேசினால் கத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

அது இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜெர்மன் சண்டை விமானம். ஒரே வரைபடத்தை வைத்து லைப்சிக், ரேகன்ஸ்பர்க் என்று பல ஊர்களில் செய்தார்கள். எண் அழிந்துபோன பழைய புகைப்படத்தைப் பார்த்துக்கூட எந்த ஊர்த் தொழிற்சாலை என்று சொல்கிறார்களே, எதை வைத்து? அந்தத் திட்டுகளை வைத்துத்தான். நிறங்கள் சேரும் கோடு, சிலுவைக் குறியின் அளவு எல்லாம் ஊருக்கு ஊர் வேறு. ஒரே ஒரு புகைப்படத்தை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் மல்லுக்கட்டி லைப்சிக்கில் பெயிண்ட் அடித்த கைவாகை அப்படியே கொண்டுவந்திருந்தேன். அங்கே வேலை வாங்கப்பட்டவர்களில் எத்தனையோ பேர் கைதிகள். பெயர்கூடத் தெரியாத யாரோ ஒருவருடைய கை அது. நீ அதைத் தேய்த்துவிட்டாய்.

பள்ளிக்கூடத்தில் நான் வரைந்த மேப்பை அழித்து நீ வரைந்தாய். வேலைக்கு நான் எழுதிய விண்ணப்பத்தை மாற்றி எழுதினாய். நான் செய்தது எதையாவது அப்படியே விட்டிருக்கிறாயா? கண்காட்சிக்குக் கொண்டுபோக வேண்டாம். இனி நான் செய்யும் எதுவும் உன் கைக்கு வராது. அந்தப் புகைப்படத்தின் பிரதியை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். நீ எதை அழித்தாய் என்று பார்.

ஜோஸ்வின்


ஓசூர்,
3 மார்ச் 2025

என் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். அப்புறம் கோபம் வந்தது. அம்மா இல்லாத வீட்டில் உன்னை வளர்த்தவளுக்கு இதுதானா பதில் என்று. அதற்குப் பிறகுதான் புகைப்படத்தைக் கையில் எடுத்தேன்.

எங்கள் பிளாண்டில் எல்லாருக்கும் ஒரே ஸ்ப்ரே கன், ஒரே பெயிண்ட். ஆனாலும் பெட்ரோல் டேங்கைத் திருப்பிப் பார்த்தால் யார் அடித்தது என்று சொல்லிவிடுவேன். உன் படத்திலும் ஒரு ஆள் தெரிந்தார். மேலே அழுத்தமாக ஆரம்பித்து, கீழே வரவர கை தளர்ந்துபோகிற ஆள். எனக்குப் பகீரென்றது.

விமானத்தைத் தூக்கிக்கொண்டு முனிவேலிடம் ஓடினேன். "ஏங்க்கா, கண்ணாடியாட்டம் இருக்குதே, மறுக்கா எதுக்குத் தேய்க்கச் சொல்றீங்க?" என்றான். "உன் வேலை நல்லாத்தான் இருக்குது. தப்பு என்னுது. கன்னைக் குடுடா" என்றேன். பழைய தகரத்தில் அடித்து அடித்துப் பழகி, கடைசியில் அந்தப் படத்தில் இருக்கிறபடியே நானே அடித்தேன்.

நீ வேண்டாம் என்றும் நேற்று கொண்டுபோனேன். திட்டிக்கொள். அத்திப்பள்ளி நெரிசலில் பஸ் குலுக்கிய குலுக்கலிலும் அதை மடியை விட்டு இறக்கவில்லை. விமானத்துக்கு முன்னால் வைக்கும் அட்டையில் அதன் பெயரை மட்டும் எழுதி, ஊரை எழுதாமல் விட்டேன். நடுவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "இது லைப்சிக்கில் செய்தது" என்று கன்னடத்தில் சொன்னார். "எந்தம்பி கண்டுபிடிச்சதுங்க" என்று கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி தமிழிலேயே சொன்னேன்.

அப்புறம் அவர் விமானத்தைத் திருப்பினார். வலது பக்கம் வெறும் பிரைமர், அடிப்பூச்சு மட்டும். புகைப்படத்தில் இருப்பது இடது பக்கம் மட்டும்தானே? வலது பக்கத்தை நீ எப்படி யோசித்து அடித்திருந்தாய் என்று எனக்கு ஞாபகமே இல்லை. அன்றைக்குக் குறை தேடுகிற கண்ணால்தான் பார்த்திருக்கிறேன். தெரியாததை நானாக அடிக்க மனம் வரவில்லை. பாதி வேலைக்குப் பரிசு கிடையாது என்றார். போகட்டும் விடு.

ஈஸ்டருக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வா. கன்னும் பெயிண்டும் உன் மேஜையில் இருக்கும். நீ அடித்து முடிக்கிற வரைக்கும் நான் அந்த அறைக்குள் வர மாட்டேன்.

உன்னால் தலைநிமிர்ந்து நடக்கும் அக்கா
சாராள்